ஒன்பதாம் பாடத்தில் பதினைந்து நிமிடம்

ஜூன் 4

தம்பிக்கு,

கவரைப் பார்த்ததுமே என் கையெழுத்துன்னு தெரிஞ்சிருக்கும். சமாதானம் பேச எழுதறேன்னு நினைச்சிடாதே. மூணு வருஷமா பேசல. இன்னும் கொஞ்ச நாள் பேசாம இருந்தா எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. உன் ஒன்பதாம் பாடத்துல தப்பு இருக்கு. அதைச் சொல்லத்தான் எழுதறேன்.

எந்தப் பாடம்னு முழிக்காதே. நெட்ல எல்லாருக்கும் இலவசமா போட்டிருக்கியே, கிருமிகளும் சுத்தமும்னு இருபது பாடம், அதுல ஒன்பது. நான் உன் மாணவி. சிரிக்காம படி.

எங்க ஆஸ்பத்திரிக்குப் புது மேட்ரன் வந்திருக்காங்க. ஜூலை 31க்குள்ள சர்டிபிகேட் காட்டாதவங்க யாரும் மெஷின் பக்கம் போகக்கூடாது, துணி மடிக்கப் போயிடணும்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. இலவசமா நெட்ல படிச்சாலும் போதும்னு ஒரு லிஸ்ட் கொடுத்தாங்க. அதுல மூணாவது உன் கோர்ஸ். உனக்கு மறந்திருக்கும், அதனால சொல்றேன்: ஆபரேஷன் கத்தி, கத்திரி, துணி எல்லாத்தையும் ஆவியில வச்சுக் கிருமியைக் கொல்ற மெஷினை நான் ஓட்டறது இது இருபத்திரண்டாவது வருஷம்.

உள்ளதைச் சொல்லணும்னா பாடம் நல்லாத்தான் இருக்கு. பன்னெண்டாவதுல கெமிஸ்ட்ரில நாலு மார்க்ல போனதுக்கு அப்புறம் நான் புத்தகத்தைத் தொட்டதில்ல. என்னை யாரும் நிறுத்தல, நானேதான் போகல. திரும்ப அந்த டீச்சர் முன்னாடி நின்னு புரியலைன்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல. உன் பாடத்துல புரியலைன்னா விரலால இழுத்துப் பின்னாடி போயிடலாம். எத்தனை தடவை இழுத்தாலும் நீ உச்சுக் கொட்டறதில்ல. மெஷின் ஓடற நேரத்துல ஸ்டூல்ல உட்கார்ந்து, காதுல வயரை மாட்டிக்கிட்டு, இருபதையும் முடிச்சேன்.

ஒன்பதாவதுல மூடியை மூடின உடனே திரையில கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. பதினஞ்சு நிமிஷம் ஆனதும் திறக்கச் சொல்ற. அது தப்பு. முதல்ல உள்ள இருக்கற காத்து வெளிய போகணும், அப்புறம் சூட்டைக் காட்டற முள்ளு 121 டிகிரிக்கு ஏறணும், அதுக்கப்புறம்தான் கணக்கு. துணி மூட்டைன்னா முப்பது நிமிஷம். கேள்வி கேட்கிற இடத்துல இதை எழுதினேன். உடனே பதில் வந்துச்சு. "அன்புள்ள குக்கர், வேடிக்கைக்கு இது இடமில்லை. பாடத்தை முழுமையாகக் கேட்டபின் வாருங்கள்." கீழ உன் பேரு.

நான் பதிவு பண்ண பேரு குக்கர். சின்ன விஷயத்துக்கெல்லாம் புஸ்ஸுன்னு கோபம் வருதுன்னு ஏழு வயசுல எனக்கு அந்தப் பேரை வச்சவன் நீ. உனக்கே மறந்து போச்சு.

பரீட்சையிலயும் அதையே கேட்கற. நேரத்தை எப்போதிலிருந்து கணக்கிட வேண்டும்னு. நான் 121 ஆனதிலிருந்துன்னு போட்டேன். மூடியதிலிருந்துதான் சரின்னு சிவப்புல காட்டுது. நாப்பதுக்கு இருபத்திநாலு எடுத்தா பாஸ். முதல் தடவை பத்தொம்பது, ரெண்டாவது இருபத்திரண்டு. இன்னும் ஒரு வாய்ப்புதான் இருக்கு. பாடத்தைத் திருத்து.

மாணவர் எண் 3117

-

ஜூன் 11

அக்கா,

ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இருக்கும்போது கவரைப் பிரிச்சுட்டேன். பாதியில எழுந்து வெளிய வந்து படிச்சேன். அப்புறம் அந்தப் பதிலைத் தேடிப் பார்த்தேன். நான் எழுதினதுதான், மறுக்கல. ஒரு நாளைக்கு நாப்பது கேள்வி வருது. புயல், மொட்டைமாடி, சிங்கக்குட்டின்னு பேர் வச்சுக்கிட்டு ஆளாளுக்குக் கலாட்டா பண்றாங்க. ஆட்டோகிளேவ், அதான் உன் ஆவி மெஷின், அந்தப் பாடத்துக்குக் கீழ குக்கர்னு ஒருத்தர் வந்தா நான் என்னன்னு நினைப்பேன்? நீ படிப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல. இதை எழுதும்போதே இது எவ்வளவு மோசமான வாக்கியம்னு தெரியுது. அடிக்காம விட்டுடறேன்.

ஆனா பாடம் தப்பில்ல அக்கா. 121 டிகிரி, பதினைந்து நிமிடம்னுதான் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. அது மட்டுமில்ல, எங்க லேப்ல பதினோரு வருஷமா என் கண்ணால பார்க்கறேன். பதினஞ்சு நிமிஷத்துல மணி அடிச்சிடும். உங்க மெஷின் பழசு, அதனால தாமதமாகுது. நாலாயிரம் பேர் படிக்கிற அடிப்படைப் பாடத்துல ஒவ்வொரு பழைய மெஷினுக்கும் தனியா சொல்லிக்கிட்டிருக்க முடியாது.

ஒண்ணு கேளு. மூணாவது வாய்ப்புல அந்தக் கேள்விக்கு மூடியதிலிருந்துன்னு டிக் பண்ணிடு. ஒரு டிக்தானே. சர்டிபிகேட் கைக்கு வந்ததும் உன் ரூம்ல உன் இஷ்டப்படி ஓட்டிக்கோ. யார் கேட்கப் போறாங்க?

அன்னைக்கு என் வீட்டு விருந்துல நடந்ததையும் சொல்லிடறேன். காலேஜ்ல இருந்து வந்தவங்க உங்க அக்கா என்ன பண்றாங்கன்னு கேட்டப்போ நர்ஸ்னு சொன்னேன். தப்புதான். ஆனா உன்னை உயர்த்தித்தானே சொன்னேன், தாழ்த்தியா சொன்னேன்? அதுக்குச் சாப்பிடாம எழுந்து போய், என் நம்பரையே அடைச்சு வச்சு, மூணு வருஷம் ஆச்சு. உன் கோபத்துக்கு விசில் கூட வராது போல.

தம்பி

-

ஜூன் 17

விசில் வரும். இப்ப வருது, கேளு.

மூணாவது தடவையும் எழுதிட்டேன். 121 ஆனதிலிருந்துன்னுதான் போட்டேன். இருபத்திமூணு. ஃபெயில். வாய்ப்பு முடிஞ்சதுன்னு கோர்ஸ் மூடிக்கிச்சு. நீ சொன்ன ஒரு டிக்கைப் போட்டிருந்தா பாஸ். விரலை அது மேல கொண்டு போனேன், பொய் சொல்ல மாட்டேன். அழுத்த முடியல.

ஏன்னு சொல்றேன். இதை என் வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொன்னதில்ல.

நான் சேர்ந்த புதுசுல வேலை சொல்லிக் கொடுத்தவர் ரிட்டயர் ஆகற அவசரத்துல இருந்தார். மூடு, திருகு, பதினஞ்சு நிமிஷம் பாரு, எடு. அவ்வளவுதான் சொன்னார். எட்டு மாசம் அப்படியேதான் எடுத்தேன். அந்த எட்டு மாசத்துல பிரசவ வார்டுல தையல் போட்ட இடம் சீழ் வச்சுத் திரும்பி வந்தவங்க நிறைய. தண்ணி சரியில்லைன்னு பேசிக்கிட்டாங்க. தொட்டியைக் கழுவினாங்க. அப்படித் திரும்பி வந்தவங்கள்ல ஒருத்தி வீட்டுக்குப் போகல. ஒரு நாள் மெஷினை ரிப்பேர் பண்ண வந்த மெக்கானிக் நான் திறக்கறதைப் பார்த்துட்டு, முள்ளு ஏறவே இல்லையேம்மா, அதுக்குள்ள ஏன் திறக்கறீங்கன்னு கேட்டார். சாதாரணமாத்தான் கேட்டார். அன்னையிலிருந்து சரியா ஓட்டறேன். சீழ் வச்சு வர்றவங்க குறைஞ்சாங்க. தொட்டி கழுவினதால குறைஞ்சதுன்னு எல்லாரும் சொன்னாங்க.

அந்தப் பொண்ணு என்னாலதான் போனாளான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வழியில்ல. ஆனா மூடியதிலிருந்துன்னு டிக் போட்டு அதுக்கு எனக்கு ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்தா, அதை எங்க கொண்டு போய் வைப்பேன் சொல்லு.

நர்ஸ் விஷயம். நீ என்னை உயர்த்தல. நான் செய்யற வேலையை வெளிய சொல்லக் கூடாத வேலை ஆக்கின. நர்ஸ் வேலை எனக்குத் தெரியாது, நர்ஸுக்கு என் வேலை தெரியாது. அவ்வளவுதான்.

உங்க லேப் மெஷினை யாரு ஓட்டறான்னு போய்க் கேளு.

-

ஜூன் 28

அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சேன். அந்த எட்டு மாசத்தைப் பத்தி எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. தெரியாததைச் சொல்லி மழுப்பாம விடறேன்.

நீ சொன்ன மாதிரி கேட்டேன். எங்க லேப் அட்டெண்டர்தான் பதினோரு வருஷமா மெஷினை ஓட்டறார். எப்போ ஆன் பண்ணுவீங்கன்னு கேட்டேன். சார், நீங்க வகுப்புக்கு வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டுடுவேன், நீங்க வந்து பார்க்கறது கடைசிப் பதினஞ்சு நிமிஷம்தான்னார். அவர் முகத்துல கிண்டலே இல்ல. அதுதான் தாங்கல. பதினோரு வருஷத்துல ஒரு தடவை கூட நான் மூடியை என் கையால மூடினதில்ல.

அப்புறம் அவர்கிட்ட இருந்து கத்துக்கிட்டு நானே ஓட்டினேன். டவலை இறுக்கி மடிச்சு, நடுவுல, ஆவி சரியா பட்டா கறுப்பா மாறுற பட்டையை வச்சு, மூடினதிலிருந்து பதினஞ்சு நிமிஷம் பார்த்துட்டுத் திறந்தேன். வெளிய தொட்டா சுடுது. நடுவுல பட்டை வெளேர்னு அப்படியே இருக்கு. மூணு தடவை செஞ்சேன், மூணு தடவையும் அப்படித்தான். நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு.

இப்ப என் தயக்கத்தையும் மறைக்காம சொல்றேன். பாடம் என்னோடது, ஆனா கோர்ஸை நடத்தறது ஒரு குழு. திருத்தணும்னா அவங்க கூடி முடிவு பண்ணணும். அவங்க ஆகஸ்ட்லதான் கூடுவாங்க. விடையை மாத்தினா, அந்த ஒரு மார்க்கால சரியா இருபத்திநாலு வாங்கின இருநூத்திப் பன்னெண்டு பேர் கீழ விழுவாங்க. அவங்க என்ன பாவம் செஞ்சாங்க, நான் சொன்னதைத்தானே எழுதினாங்க. இன்னொண்ணும் இருக்கு. எனக்குப் பதவி உயர்வுக்கு அடுத்த மாசம் நேர்காணல். இந்தக் கோர்ஸைக் காட்டித்தான் விண்ணப்பமே போட்டிருக்கேன். அதுலயே தப்புன்னு இப்ப நானே எழுதிக் கொடுக்கணுமான்னு பயமா இருக்கு.

உனக்கு மட்டும் நாலாவது வாய்ப்பு திறந்து விடறது என் கையில இருக்கு. யாருக்கும் தெரியாது. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள உன் வேலை நடந்துடும். பாடத்தை ஆகஸ்ட்ல நிதானமா பார்த்துக்கலாம். திறக்கட்டுமா?

தம்பி

-

ஜூலை 5

தம்பி,

திறக்காதே.

நீயே மெஷினை ஓட்டிப் பார்த்தேன்னு படிச்சதும் மனசு கொஞ்சம் இளகுச்சு. டவலை நீ எப்படி மடிச்சிருப்பேன்னு நினைச்சுச் சிரிப்பும் வந்துச்சு. ஆனா ஆகஸ்ட் வரைக்கும் நிதானமா பார்க்கற விஷயம் இல்ல இது. நேத்து நடந்ததைச் சொல்றேன்.

எங்க ரூமுக்குப் புதுசா ஒரு டெக்னீஷியன் வந்திருக்கா. கெட்டிக்காரி, மரியாதையான பொண்ணு. சர்டிபிகேட்டோட வந்தா. நாப்பதுக்கு நாப்பது. உன் கோர்ஸ்தான், உன் கையெழுத்துதான். நேத்து நான் சாப்பிடப் போயிருந்தப்போ ஆபரேஷன் தியேட்டர்ல அவசரம்னு ஒரு மூட்டை கேட்டிருக்காங்க. மூடினா, கடிகாரத்தைப் பார்த்தா, பதினஞ்சு நிமிஷத்துல எடுத்து டிராலியில வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறா. நான் எதிர்ல வந்தேன். மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன், எவ்வளவு நேரம்னு கேட்டேன். பதினஞ்சு நிமிஷம்க்கா, சரியா பார்த்துட்டேன்னு சிரிச்ச முகமா சொல்றா.

நடைபாதையிலேயே பிரிச்சேன். பிரிச்சா மறுபடியும் முதல்லேருந்து செய்யணும், தியேட்டர்ல டாக்டர் காத்துக்கிட்டிருக்கார். எல்லாம் தெரிஞ்சேதான் பிரிச்சேன். நடுவுல பட்டை வெள்ளையா இருந்துச்சு. நீ பார்த்த அதே வெள்ளை. டாக்டர் ஆளனுப்பிக் கத்தினார், மேட்ரன் வந்து நீங்க யாரு நிறுத்தறதுக்கு, சர்டிபிகேட் அவகிட்ட இருக்கா உங்ககிட்ட இருக்கான்னு கேட்டாங்க. பட்டையைக் காட்டினேன். அதைப் பார்த்துட்டுத் திரும்பிப் போனாங்க. அந்தப் பொண்ணு அழுதா. எனக்கு அவ மேல துளி கோபம் இல்ல. நான் சாப்பாட்டுல இன்னும் ரெண்டு வாய் கூட எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுக்கிட்டே இருக்கேன்.

அவ ஒருத்தி. நாலாயிரம் பேர் படிச்சிருக்காங்கன்னு நீ தலையில தூக்கி வச்சு ஆடறியே, அதுல எத்தனை பேர் எந்த ஊர்ல எந்த மெஷின் முன்னாடி நிக்கறாங்க? என்னை மாதிரி வாசல் தாண்டிப் படிக்கப் போக முடியாதவங்கதான் உன் பாடத்தைப் படிக்கறாங்க. அவங்களுக்குப் பக்கத்துல கேட்டுக்க வேற ஆள் கிடையாது. நீ சொன்னா அப்படியே எடுத்துப்பாங்க.

எனக்கு மட்டும் கதவைத் திறக்காதே. நான் துணி மடிச்சுக்கறேன். அந்தப் பாடத்தை இன்னைக்கே எடு.

அக்கா

-

ஜூலை 13

அக்கா,

எடுத்துட்டேன். உன் கடிதம் வந்த அன்னைக்கே, குழுவைக் கேட்காம.

அந்த இடத்துல வேற ஒண்ணு போட்டிருக்கேன், நாலு நிமிஷம் ஓடும். அட்டெண்டரும் நானும் லேப்ல நின்னு எடுத்தோம். அவர்தான் மெஷினை ஓட்டிக் காட்டறார், நான் பக்கத்துல நிக்கறேன். அதுல நான் என்ன சொல்லியிருக்கேன்னு இங்க எழுத மாட்டேன், நீயே பாரு. படிச்ச நாலாயிரத்து நூத்தறுபது பேருக்கும் மெயில் போயிருக்கு. இதுவரை எழுநூறு பேர் பார்த்திருக்காங்க. பதினெட்டு பேர் பதில் எழுதினாங்க, நாங்களும் அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருந்தோம்னு. அதுல ஒருத்தர் பல் டாக்டர் கிட்ட வேலை செய்யறவர்.

குழுத் தலைவர் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டினார். திட்டி முடிச்சுட்டு அவரே வழியும் சொன்னார். பாஸானவங்க பாஸாவே இருக்கட்டும், ஆனா புதுப் பாடத்தைப் பார்த்து மூணு கேள்விக்குப் பதில் எழுதினாத்தான் சர்டிபிகேட் செல்லும். சரியா எழுதி மார்க் போனவங்களுக்கு அந்த மூணு கேள்வி இல்லாமலே மார்க்கைத் திருப்பிக் கொடுக்கறது. என் நேர்காணலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டாங்க. வருத்தமா இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

மார்க் திருத்தி வர்றது ஆகஸ்ட் முதல் வாரம். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள வரவே வராது. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். மன்னிச்சுடு.

எட்டு மாசத்தைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல. அந்தக் கடிதத்தை மேசையில பூட்டி வச்சிருக்கேன். அது நீ சொல்லணும்னா சொல்ல வேண்டியது, வேண்டாம்னா விட வேண்டியது.

தம்பி

-

ஆகஸ்ட் 7

தம்பி,

முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் மெஷினைத் துடைச்சு, சாவியைக் கொடுத்துட்டு, ஒண்ணாம் தேதி துணி மடிக்கப் போனேன். ஐஞ்சு நாள் மடிச்சேன். அங்க இருக்கறவங்க நல்லவங்கதான், வேடிக்கையா பேசறாங்க. ஆனா ரெண்டு சுவர் தாண்டி மெஷின் சத்தம் கேட்கும். இப்ப காத்து போகுது, இப்ப முள்ளு ஏறுதுன்னு காது தானா எண்ணும். கை மடிப்பைத் தப்பா போடும்.

நேத்து சர்டிபிகேட் வந்துச்சு. இருபத்திநாலு. போன்ல திறந்து பார்த்தா, இதனால் சான்றளிக்கப்படுவது யாதெனில், குக்கர் என்பவர் தேர்ச்சி பெற்றார்னு இருக்கு. உன்கிட்ட வீம்புக்கு வச்ச பேரு என் தலையிலேயே விடிஞ்சுது. அதை எடுத்துக்கிட்டு மேட்ரன் முன்னாடி போய் நிக்கறதுக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோ. யாரும்மா இந்தக் குக்கர்னு கேட்டாங்க. நான்தான்னேன். அதுக்கு என்ன ஆதாரம்னாங்க.

அந்தப் புதுப் பொண்ணு பின்னாலயே வந்திருக்கா. அவ போனை மேட்ரன் மேசை மேல வச்சு உன் நாலு நிமிஷத்தை ஓட விட்டா. நான் அதுவரைக்கும் அதைப் பார்க்கல. பயமா இருந்துச்சு, அதான்.

"இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சவங்க குக்கர்ங்கற பேர்ல படிச்ச ஒரு மாணவி. அவங்க கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சு நான் விரட்டினேன். அவங்க என் அக்கா. நர்ஸ் இல்ல. இருபத்திரண்டு வருஷமா ஆஸ்பத்திரியில ஸ்டெரிலைசேஷன் மெஷின் ஓட்டறாங்க. இந்த வேலை எனக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும்."

நீ இதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழட்டித் துடைக்கற. சின்ன வயசுலயும் அழுகை வந்தா மூக்கைத் துடைக்கற மாதிரி பண்ணுவ. மேட்ரன் முழுசா பார்த்தாங்க. ஒரு வாரத்துல உங்க பேரைப் போட்டுத் திருத்தி வாங்கிக் கொடுங்க, இப்ப போய் மெஷினைப் பாருங்க, காலையிலேருந்து மூட்டை குவிஞ்சு கிடக்குன்னாங்க. போனேன். என் ஸ்டூல் போட்ட இடத்துலயே இருந்துச்சு.

முள்ளு ஏறட்டும்னு நானும் அந்தப் பொண்ணும் நின்னுக்கிட்டிருந்தப்போ, நடுவுல வேகாதுன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுதுன்னு கேட்டா. யாராவது சொன்னாங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். எட்டு மாசத்தையும் சொல்லிட்டேன். அந்தப் பிரசவ வார்டுப் பொண்ணையும் சொன்னேன். அவ முள்ளைப் பார்த்துக்கிட்டே நின்னா. இன்னைக்கு நாள் பூரா பார்த்தேன், முள்ளு ஏறற வரைக்கும் அவ கண்ணை எடுக்கறதே இல்ல.

நேர்காணல் தள்ளிப் போனதுக்கு எனக்கும் வருத்தம்தான். என்னாலன்னு நினைக்கல, ஆனா வருத்தம். பேரு மாத்தின சர்டிபிகேட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. குக்கர் சர்டிபிகேட்டை அழிக்க வேண்டாம்னு சொல்லிடு, அது எனக்கு வேணும்.

அந்த நாலு நிமிஷத்தை என் போன்லயும் இறக்கிக்கிட்டேன். நர்ஸ் இல்லைன்னு நீ சொல்ற இடத்துக்கு விரலால இழுத்து இழுத்துப் போய் ஆறு தடவை கேட்டுட்டேன்.

உன் நம்பரைத் திறந்து விட்டிருக்கேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கூப்பிடு, ஒரு முப்பது நிமிஷம் உட்கார்ந்து பேசலாம். கூப்பிட்ட உடனே எடுக்கலைன்னா கோபம்னு நினைச்சுக்காதே. முள்ளு இன்னும் ஏறலைன்னு அர்த்தம்.

அக்கா